லாட்சீசே: கார்டா ஏரிக்கரையின் மதில் ஊரைப் பார்ப்பது எப்படி

இத்தாலியின் மிகப் பெரிய ஏரி கார்டா. அதன் கிழக்குக் கரையில், வெரோனா மாவட்டத்தில் இருக்கிறது லாட்சீசே. மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரைக் குறுக்காக நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனாலேயே பலர் மதியம் காரில் வந்து, துறைமுகத்தருகே ஓர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி வந்தால் கூட்டத்தைத்தான் பார்க்க முடியும். இரண்டு இரவு தங்குங்கள், முடிந்தால் கார் இல்லாமல் வாருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் நடந்து பார்த்தால்தான் இந்த ஊரின் அழகு பிடிபடும்.

எப்போது போவது

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் ஆகியவை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் கரையோர நெடுஞ்சாலை திணறும். கார்டாலாண்ட் உள்ளிட்ட பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இதே சாலையை ஒட்டி இருப்பதுதான் காரணம். நவம்பர் முதல் மார்ச் வரை பல விடுதிகள் மூடிக்கிடக்கும், படகுகளும் வெகுவாகக் குறைந்துவிடும். புதன்கிழமை காலையில் ஏரிக்கரை நடைபாதை முழுக்கச் சந்தை. சீஸ், பழம், துணிமணி வாங்க நல்ல நாள். அமைதியாக நடக்கவோ படம் எடுக்கவோ ஏற்ற நாள் அல்ல.

போய்ச் சேருவது

மிலான்–வெனிஸ் ரயில் பாதையில் பெஸ்கியேரா தெல் கார்டா நிலையத்தில் இறங்க வேண்டும். வெரோனா போர்த்தா நுவோவாவிலிருந்து சுமார் 15 நிமிடம். அதிவேக ரயில்களில் சில மட்டுமே இங்கே நிற்கும். வட்டார ரயில்கள் நிற்கும். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்திருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான்.

பெஸ்கியேராவிலிருந்து லாட்சீசேக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஏ.டி.வி. நிறுவனத்தின் பஸ் போகும். வெரோனாவிலிருந்து நேரடி பஸ்ஸும் உண்டு. பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்குவது வழக்கம். வாசலில் பெரிய 'T' எழுத்துப் பலகை தொங்கும். ஞாயிறன்று இந்தக் கடைகள் பலவும் பூட்டியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

காரில்தான் வருவேன் என்பவர்கள் கவனிக்க: இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வெள்ளைக் கோட்டில் நிறுத்தினால் இலவசம், நீலக் கோட்டில் கட்டணம், மஞ்சள் கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது. பழைய ஊர்ப் பகுதிகளின் நுழைவில் 'ஸோனா ஆ திராஃபிகோ லிமிதாத்தோ' (போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்ற பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். கேமரா படம் பிடித்துவிடும். மாதங்கள் கழித்து, வாடகை கார் நிறுவனம் வழியாக அபராதம் வீடு தேடி வரும்.

ஊருக்குள்

மதிலும் கோட்டையும் வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜெரி குடும்பத்தின் 14-ஆம் நூற்றாண்டு வேலை. கோட்டை இன்று தனியார் சொத்து என்பதால் டிக்கெட் கவுன்டரைத் தேடி அலைய வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தாலே கோபுரங்கள் நன்றாகத் தெரியும். அங்கிருந்து துறைமுகத்துக்கு வாருங்கள். நீரை ஒட்டி நீளமாக நிற்பது வெனிஸ் ஆட்சிக்காலத்துச் சுங்கச்சாவடி, தொகானா வேனெத்தா. ஏரி வழியாக லொம்பார்டிப் பக்கம் போய்வந்த சரக்குகளுக்கு இங்கேதான் வரி வசூலித்தார்கள். பக்கத்திலேயே 12-ஆம் நூற்றாண்டின் சான் நிக்கொலோ தேவாலயம். மாலுமிகளின் காவலர் புனித நிக்கோலஸ் பெயரில், படகுத்துறையின் ஓரத்திலேயே கட்டியிருக்கிறார்கள். மிகச் சிறியது, ஆனால் சுவரோவியங்களுக்காக அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டிய இடம்.

983-ல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஓட்டோ, இவ்வூரின் 18 பேருக்கு மீன்பிடி உரிமையும் சுங்க உரிமையும் கொடுத்தார். இத்தாலியின் முதல் சுதந்திர ஊராட்சி தங்களுடையதுதான் என்று ஊரார் பெருமையோடு சொல்வது அதை வைத்துத்தான்.

பார்டோலினோ வரை நடை

இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. லாட்சீசேயிலிருந்து வடக்கே உள்ள பார்டோலினோ என்ற ஊருக்கு ஏரியை ஒட்டியே பாதை போகிறது. சுமார் 5 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம், நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். காலையில் கிளம்புங்கள்: வெயில் வலப்பக்கக் குன்றுகளுக்குப் பின்னிருந்து வரும், இடப்பக்கம் ஏரி தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் சூரியன் ஏரிப்பக்கம் போய்விடுவதால் கண் கூசும். பாதியைத் தாண்டியதும் சிசானோ வரும். அங்குள்ள ஆலிவ் எண்ணெய் அருங்காட்சியகம் பழைய செக்குகளைப் பார்க்க நல்ல இடம். வழியில் குளிக்க ஆசைப்பட்டால் ரப்பர் செருப்பு எடுத்துப்போங்கள். கரை முழுவதும் கூழாங்கல்.

பார்டோலினோவில் கடைத்தெருவோடு நின்றுவிடாமல் சான் ஸேனோ தேவாலயத்தைத் தேடிப் போங்கள். 9-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வீடுகளுக்கு நடுவே ஒரு முற்றத்தில் ஒதுங்கி நிற்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே அகலம் குறைவு, உயரம் அதிகம், வெளிச்சம் மங்கல். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

ஒயின்

ஏரிக்குப் பின்னால் எழும் குன்றுகள் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து குவித்த மண். திராட்சைக் கொடிகளின் அடியில் உருண்டைக் கற்கள் கிடப்பதைப் பார்க்கலாம். பார்டோலினோ ஒயினுக்கு 1968-ல் புவிசார் அங்கீகாரம் கிடைத்தது. கொர்வீனா, ரொந்திநெல்லா ஆகியவை முக்கியத் திராட்சை வகைகள். பக்கத்து வால்போலிசெல்லா வட்டாரத்தின் அமரோனே ஒயினும் இதே கொர்வீனாவில் செய்வதுதான். ஆனால் அங்கே திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திப் பிழிவதால் கனம் ஏறுகிறது. அந்தக் கனத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு பார்டோலினோ ஏமாற்றம் தரும். இது இலேசான சிவப்பு, 14 முதல் 16 டிகிரி வரை சற்றுக் குளிர்வித்துக் குடிக்க வேண்டியது. தோலோடு கொஞ்ச நேரமே ஊறவைத்து எடுக்கும் வெளிர் ரோஜா நிற ஒயினுக்குப் பெயர் கியாரெத்தோ. ஏரி மீனோடு இதைவிடப் பொருத்தமான ஒயின் இங்கே இல்லை.

சுவைத்துப் பார்க்க ஒயின் பண்ணைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மதியம் 12 முதல் 3 வரையும் ஞாயிற்றுக்கிழமையும் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். செப்டம்பர் அறுவடை நேரத்தில் சிறிய பண்ணைகளில் யாருக்கும் நேரம் ஒழியாது. முதலில் வெள்ளை (குஸ்தோட்சா அல்லது லுகானா), பிறகு கியாரெத்தோ, கடைசியில் சிவப்பு என்று போனால்தான் மென்மையான சுவை அமுங்காது. வாயில் வைத்துத் துப்புவது மரியாதைக் குறைவு அல்ல, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். கார் ஓட்டுபவர் தொடாமல் இருப்பதே நல்லது: ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்யம்.

சாப்பாடு

மதிய உணவு 12 முதல் இரண்டரை வரை, இரவு 7-க்குப் பிறகு. இடையில் பல சமையலறைகள் மூடிவிடும். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று 'கொப்பெர்த்தோ' சேர்த்திருப்பார்கள். அது வழக்கமான மேஜைக் கட்டணம், சண்டை வேண்டாம். சைவர்கள் ரிசொத்தோ என்ற அரிசி உணவை நம்பி ஆர்டர் செய்யக்கூடாது, பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில்தான் அரிசி வேகும். 'சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா ப்ரோதோ தி கார்னே' (இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

திரும்புவது

பார்டோலினோவிலிருந்து லாட்சீசேக்குப் படகில் வாருங்கள், சுமார் 20 நிமிடம். மதிலும் கோபுரங்களும் நீரிலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும். மாலையோடு சேவை முடிந்துவிடும் என்பதால், காலையில் நடக்கத் தொடங்குமுன் துறைமுகத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படகு தவறினால் பஸ்தான்.

பாட்டில் வாங்கினால், விமானத்தில் சரக்குப் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் மதுவுக்குத்தான் சுங்கவரி கிடையாது. கியாரெத்தோவைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். அதன் புத்துணர்ச்சி சீக்கிரம் போய்விடும், ஓராண்டுக்குள் திறந்துவிடுவது நல்லது.