'தமிழ்' 3 எழுத்தா, 5 எழுத்தா, 15-ஆ?

"மாமா, தமிழ்ங்கற வார்த்தைக்கு எத்தனை எழுத்து?" என்று கேட்டாள் அக்கா மகள். பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டு படிக்கிறாள். சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து, எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்களைத் தமிழில் தேடித் தரும் ஒரு சின்னச் செயலி எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று என்றேன். நிரல்மொழியான பைத்தான் 5 என்கிறதாம், கூடப் படிக்கிற பையன் கோ மொழியில் போட்டுப் பார்த்தால் 15 வருகிறதாம். மூன்றுமே சரிதான், ஒவ்வொன்றும் வேறு எதையோ எண்ணுகிறது, அவ்வளவுதான்.

படி 1: பிரித்துப் பாருங்கள்

பைத்தானில் ஒரு ஃபார் லூப் போட்டு, அந்தச் சொல்லில் இருப்பதை வரிக்கு ஒன்றாக அச்சிடுங்கள். த, ம, தனியாக ஓர் இகரக் கொக்கி, ழ, தனியாக ஒரு புள்ளி என்று ஐந்து வரி வரும். எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் 'மி' என்ற உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது, அது ம-வும் கொக்கியும் சேர்ந்தது. 'ழ்' கூட ழ-வோடு புள்ளி சேர்ந்ததுதான். (மெய்யோடு அகரம் சேர்ந்தால் உயிர்மெய் என்று பள்ளியில் படித்தோம், இங்கே தலைகீழ்!) இந்தத் துண்டுகளுக்குக் கோட் பாயின்ட் என்று பெயர்.

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் லெங்த் கேட்டால் 5 தான் வரும், ஆனால் அவை எண்ணுவது 16 பிட் துண்டுகளை. நாம் எழுதும் தமிழ்க் கோட் பாயின்ட் ஒவ்வொன்றும் ஒரு துண்டில் அடங்கிவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை, ஒரு சிரிப்பு எமோஜி போட்டுப் பாருங்கள், பைத்தான் 1 என்னும், ஜாவாஸ்கிரிப்ட் 2 என்னும்.

படி 2: அந்த 15 எங்கிருந்து?

யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் கோட் பாயின்ட் ஒவ்வொன்றும் 3 பைட். கோ, ரஸ்ட் மொழிகளின் லென், பிஎச்பி-யின் ஸ்டிர்லென் எல்லாம் பைட்டை எண்ணுபவை, ஐம்மூன்று பதினைந்து. கோ-வில் ரூன்களாக (அங்கே கோட் பாயின்ட்டுக்கு அதுதான் பெயர்) மாற்றி எண்ணினால் 5 கிடைக்கும்.

படி 3: நமக்கு வேண்டிய 3

ஸ்விஃப்ட் மொழியில் கவுண்ட் என்று கேட்டாலே 3 வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) வைத்துத் துண்டாக்கி எண்ணுங்கள். பைத்தானில் பிப் மூலம் ரீஜெக்ஸ் என்ற பொதியை நிறுவி, பேக்ஸ்லாஷுக்குப் பின் பெரிய எக்ஸ் (\X) போட்டுத் தேடினால் ஒரு முழு எழுத்தாகப் பிடிக்கும். பைத்தானோடு வருகிற ஆர்ஈ (re) என்ற தேடல் மாட்யூலில் இது வேலை செய்யாது.

பெயரை வெட்டும்போதுதான் இதன் அருமை புரியும். பைத்தானில் முதல் 4 என்று வெட்டினால் புள்ளி விழுந்து 'தமிழ' ஆகிவிடும், கோ-வில் முதல் 4 பைட்டை எடுத்தால் த-வுக்குப் பின்னால் குப்பை நிற்கும்.

படி 4: ஒரே சொல், ஆனால் சமமில்லை

அவளுடைய உண்மையான தலைவலி இதுதான். 'தோ பாயோ' என்று தட்டித் தேடினால் ஒன்றும் வரவில்லை, பட்டியலிலோ கண் முன்னால் இருக்கிறது. லென் போட்டுப் பார்க்கச் சொன்னேன், அவள் தட்டியது 7, பட்டியலில் இருப்பது 9. ஓகாரக் குறியை ஒரே கோட் பாயின்ட்டாகவும் எழுதலாம், முன்னே ஏகார இரட்டைக் கொம்பு, பின்னே கால் என்று இரண்டாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான்.

மருந்து நார்மலைஸ் செய்வது, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் எந்த ஸ்டிரிங்கிலும் நேராகக் கூப்பிடலாம். இரண்டிலும் ஓகாரக் குறியை ஒரே கோட் பாயின்ட்டாக்கும் என்எஃப்சி வடிவத்தைக் கேளுங்கள் (கைப்பேசியைத் தட்டிக் காசு கட்டுகிற என்எஃப்சி இல்லை, பெயர்தான் ஒன்று). தட்டுவதை மட்டும் மாற்றினால் போதாது, பட்டியலையும் சேர்த்து மாற்றுங்கள், அவள் முதலில் அங்கேதான் கோட்டை விட்டாள். ஸ்விஃப்டில் இந்தப் பாடே இல்லை, இரண்டையும் சமம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் க்ஷ. 'லக்ஷ்மி'யை எண்ணினால் ஸ்விஃப்ட் கூட 4 என்னும், க்ஷ்-ஐ ஒரே எழுத்தாக நினைப்பவர்களுக்கு 3. அதற்கு நாமே தனியாக ஒரு விதி எழுத வேண்டும். நிலையப் பட்டியலில் க்ஷ எங்கேயும் இல்லை என்று பார்த்துவிட்டு, அவள் மடிக்கணினியை மூடிவிட்டாள்.