பிரிட்டனில் குழந்தைகள் நர்ஸ் படிப்பு: விண்ணப்பத்திலிருந்து முதல் வார்டு வரை

"எனக்குச் சின்னப் பிள்ளைகள் என்றால் உயிர், அக்கா." இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க என்னை அழைக்கும் தங்கைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நல்லதுதான், ஆனால் எங்கள் பாட்டியும் அதையேதான் சொல்வார். நேர்முகத் தேர்வில் இதை மட்டும் சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வேலையில் பாதி கணக்கு, மீதிப் பாதி பெற்றோர். கொஞ்சிக்கொள்ள நேரம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். நான் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தப் பிரிவு என்று முதலிலேயே முடிவெடுங்கள்

இந்தியாவில் பி.எஸ்சி. நர்ஸிங் என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்போம். பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போதே பிரிவைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு. மூன்றாண்டுப் படிப்பு, மொத்தம் 4,600 மணி நேரம். அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், பயிற்சி. முடித்தால் என்எம்சி (பிரிட்டனின் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவேட்டில் குழந்தைகள் நர்ஸ் என்று பெயர் ஏறும். பின்னாளில் வேறு நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பொது நர்ஸிங் படிப்பை எதிர்பார்க்கும் நாடுகளில் இந்த ஒற்றைப் பிரிவுப் பதிவு சிக்கலாகலாம்.

2. யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) விண்ணப்பம்

16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இயில் ஆங்கிலமும் கணிதமும் குறைந்தது 4ஆம் கிரேடு வேண்டும். பல இடங்களில் அறிவியலும் கேட்பார்கள். அதற்கு மேல் ஏ லெவல் (நம் பிளஸ் டூ போன்றது), பிடெக் (BTEC, தொழில்சார் படிப்பு; நம்மூர் பி.டெக். அல்ல), அல்லது வயது வந்த பிறகு படிப்பவர்களுக்கான ஆக்சஸ் டிப்ளோமா. இரண்டு பிள்ளைகளை வளர்த்த பிறகு ஆக்சஸ் வழியாக வந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வார்டில் எங்களைவிடத் தெளிவாக நடந்துகொள்வதும் அவர்கள்தான்.

2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் சுயவிவரக் கடிதம் மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது. ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவும், படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றாவதில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உதவியதும், தம்பியின் ஆஸ்துமா பம்ப்பைப் பார்த்துக்கொண்டதும் அனுபவம்தான். எழுதுங்கள்.

3. நேர்முகத் தேர்வு

இப்படி ஒரு கேள்வி வரலாம்: 15 வயதுப் பெண் ஒருத்தி, "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்" என்கிறாள். என்ன செய்வீர்கள்?

சத்தியம் செய்யக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் பொறுப்பானவரிடம் சொல்லியே தீர வேண்டும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதே சமயம், 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் போதிய புரிதல் இருந்தால் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்பது 1985இல் கில்லிக் வழக்கில் வந்த தீர்ப்பு. "அம்மாவிடம் உடனே சொல்லிவிடுவேன்" என்பது நம் வீட்டுப் பழக்கம். அங்கே அது முழுப் பதில் ஆகாது.

4. பணமும் காகிதங்களும்

இங்கிலாந்தில் தகுதியுள்ள உள்நாட்டு மாணவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பயிற்சிக்குப் போய்வரும் கூடுதல் பயணச் செலவையும் கேட்டு வாங்கலாம், ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம் டிபிஎஸ் என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, உடல்நலப் பரிசோதனை, தடுப்பூசி விவரம். சிறுவயதில் ஊரில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை, மறுபடி ஊசி என்று வாரக்கணக்கில் இழுக்கும். கோடையிலேயே தொடங்கிவிடுங்கள்.

5. கணக்கு

பட்டம் பெறுவதற்குள் மருந்துக் கணக்குத் தேர்வில் 100க்கு 100 வாங்க வேண்டும். 99 போதாது. காரணம் எளிது: குழந்தைக்கு மருந்தளவு பெரும்பாலும் எடையைப் பொறுத்தது.

ஒரு பயிற்சிக் கணக்கு. குழந்தையின் எடை 14 கிலோ. நரம்பு வழியாகப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம். 14 × 15 = 210 மில்லிகிராம். மருந்துக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஆக 21 மில்லிலிட்டர். தூக்கக் கலக்கத்தில் மில்லிகிராமை மில்லிலிட்டர் என்று படித்தால் 210 மில்லிலிட்டர், பத்து மடங்கு. இதே குழப்பம் உண்மையிலேயே நடந்து, 2010இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது. தினமும் ஐந்து கணக்கு போட்டுப் பழகுங்கள்.

6. முதல் பிளேஸ்மென்ட் (வார்டுப் பயிற்சி)

பன்னிரண்டரை மணி நேர ஷிப்ட். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது: வளையல், கைக்கடிகாரம், கோயிலில் கட்டிய நூல், நகப்பூச்சு எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம் ஒன்று வாங்குங்கள், விநாடி முள் அவசியம்.

அந்த முள் எதற்கு என்று என் முதல் வாரத்தில் தெரிந்தது. இரண்டு வயதுப் பையன், அம்மா மடியில் அரைத் தூக்கம். நான் ஆர்வத்தோடு போய் முதலில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினேன். பட்டை இறுகியதும் அவன் போட்ட அலறலில் அறையே அதிர்ந்தது. அதன்பிறகு மூச்சை எண்ணவும் முடியவில்லை, நாடித்துடிப்பும் நம்பும்படி இல்லை. மேற்பார்த்த நர்ஸ் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, "எப்போதும் தொடாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்" என்றார்.

ஆகவே வரிசை இது. தள்ளி நின்று வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பிறகு நிறம், விழிப்பு. அதன்பின் விரலில் ஆக்சிஜன் கருவி, வெப்பநிலை. ரத்த அழுத்தம் கடைசி. எண்களைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, அலட்சியமும் கூடாது. கைக்குழந்தை நிமிடத்துக்கு 35 முறை மூச்சு விடுவது சாதாரணம், பெரியவர் அப்படி விட்டால் அவசரநிலை.

நாப்பி எடை போடுவதும் உங்கள் வேலைதான். காய்ந்த நாப்பி 30 கிராம், நனைந்தது 112 கிராம் என்றால் 82 மில்லிலிட்டர் சிறுநீர் என்று எழுத வேண்டும். ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர். தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டால் அந்தக் கணக்கு போயே போச்சு.

பெற்றோர் பக்கத்திலேயே இருப்பார்கள், இரவிலும். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றிய பிளாட் அறிக்கை 1959இல் வருவதற்கு முன் பல மருத்துவமனைகளில் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டும்தான் வந்து பார்க்க முடியும். "இவனுக்கு இது வழக்கமில்லை" என்று அம்மா சொன்னால், மானிட்டர் என்ன காட்டினாலும் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லுங்கள்.

லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால் எல்லோரும் உங்களைத்தான் தேடுவார்கள். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று தாராளமாகப் பேசுங்கள். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும் பேச்சுக்கு மட்டும் முறையான மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். "நம்ம பிள்ளைதானே, நீயே சொல்லம்மா" என்று பாட்டி கையைப் பிடிப்பார். மறுப்பது கஷ்டம்தான், ஆனால் மறுக்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன், அன்றைய மணி நேரத்துக்கு அன்றே கையெழுத்து வாங்குங்கள். நான் "வெள்ளிக்கிழமை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த நர்ஸ் விடுமுறையில் போயிருந்தார், இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தார்.