ஸ்கூலுக்கு இன்சூரன்ஸ் போடணுமா? மொதல்ல பீரோவ தொறந்து பழைய பாலிசிய எல்லாம் வெளிய எடுங்க

நம்ம ஊர் மெட்ரிக் ஸ்கூல்கள்ல இன்சூரன்ஸ் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். பஸ்ஸுக்கு ஷோரூம்காரன் போட்டுக் கொடுத்த பாலிசி, கட்டடத்துக்கு லோன் கொடுத்த பேங்க் போட்டது, பிள்ளைங்களுக்கு கரஸ்பாண்டன்ட் சாருக்கு தெரிஞ்ச ஏஜென்ட் யாரோ போட்டது. ஒன்னு ஜனவரில முடியும், ஒன்னு ஆகஸ்ட்ல முடியும், எதுல என்ன இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. காசு வீணாப் போறதே இதனாலதான். நான் டெல்டா பக்கம் ஒரு ஸ்கூல்ல பதினோரு வருஷமா அக்கவுன்ட்ஸ் பாக்குறேன், இதெல்லாம் அடிபட்டு கத்துக்கிட்டது.

அதனால மொத வேலை, எல்லா பாலிசியையும் எடுத்து ஒரே தாள்ல எழுதுங்க: எதுக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்த தேதி வரைக்கும், பிரீமியம் எவ்வளவு, போன 3 வருஷத்துல க்ளெய்ம் எதுவும் வாங்கினோமா. இத எழுதும்போதே ஒரே கம்ப்யூட்டர் லேப் ரெண்டு பாலிசில இருக்கறதும், புதுசா கட்டின பிளாக் எதுலயும் இல்லாததும் தெரிஞ்சிரும். எங்களுக்கு தெரிஞ்சுது.

கட்டடத்துலதான் பெரிய அடி விழும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எங்க மேல்மாடி ஷீட்டு மொத்தமும் பக்கத்து தென்னந்தோப்புல போய் கெடந்துச்சு. சேதம் 8 லட்சம். பாலிசி இருக்குல்லன்னு தெம்பா இருந்தோம். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர் வந்து பாத்துட்டு, இந்த கட்டடத்த இன்னிக்கு திருப்பிக் கட்ட 1 கோடியே 20 லட்சம் ஆகும், நீங்க 60 லட்சத்துக்குத்தான் போட்டிருக்கீங்க, அதனால சேதத்துலயும் பாதிதான் கெடைக்கும்னுட்டாரு. 60 லட்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அது பேங்க் லோன் தொகை, பேங்க் அவங்க காசுக்கு மட்டும் போட்டுருக்காங்க. நாங்களும் அத ஒரு தடவகூட படிச்சுப் பாக்கல. 4 லட்சம், அதுலயும் எக்சஸ், அதாவது நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு, அத கழிச்சுக் கொடுத்தாங்க.

அதனால தொகைய குறைச்சுப் போட்டு பிரீமியத்த மிச்சம் பண்றேன்னு மட்டும் கெளம்பாதீங்க. எஞ்சினியர்கிட்ட இன்னிக்கு ரேட்டுல சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டு மொத்த சதுர அடியால பெருக்குங்க, நிலத்தோட விலைய சேக்காதீங்க, புயல்ல நிலம் எங்கயும் போகாது. இப்ப 2021 ஏப்ரல் 1லேர்ந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு ஒரு பாலிசி எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிலயும் இருக்கு, சொத்து மதிப்பு 5 கோடி வரைக்கும் இது, 5 கோடிக்கு மேல 50 கோடி வரைக்கும் பாரத் லகு உத்யம் சுரக்ஷா. தீ, புயல், வெள்ளம், பூகம்பம் எல்லாம் உள்ளயே வந்துரும். இன்னொரு நல்ல விஷயம், தொகை 15 சதவீதம் வரைக்கும் கொறஞ்சிருந்தா க்ளெய்ம்ல வெட்ட மாட்டாங்க. ஸ்மார்ட் போர்டு, சோலார் பேனல், லேப் சாமானையெல்லாம் தனியா லிஸ்ட் போட்டு காட்டுங்க. கீத்துக் கொட்டகை எங்கயாவது நின்னா அதையும் மறைக்காம சொல்லுங்க, அதவிட அத பிரிச்சுப் போடறது நல்லது, 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க போனது சமையல் கொட்டகைல புடிச்ச தீ கூரைக்கு ஏறினதாலதான்.

திருட்டுக்கு தனி பாலிசி. அதுல முழு மதிப்புக்கும் போட வேணாம், ஃபர்ஸ்ட் லாஸ்னு கேளுங்க, மொத்த மதிப்புல கால் பங்குக்கு மட்டும் கவர் எடுத்துக்கலாம். திருடன் வந்தா 300 பெஞ்சையுமா தூக்கிட்டுப் போகப் போறான்.

பஸ்ஸுக்கு வருவோம். நம்ம பஸ்ஸால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் மத்திய அரசு நிர்ணயிக்கிறது, எந்த கம்பெனிக்குப் போனாலும் அதேதான், அதுல பேரம் பேசி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. ஆனா 2022 ஜூன்லேர்ந்து கல்வி நிறுவன பஸ்ஸுக்கு தேர்ட் பார்ட்டில 15 சதவீதம் தள்ளுபடி இருக்கு. ஆர்சில வண்டி கல்வி நிறுவன பஸ்ஸுன்னு இருக்கா, பாலிசிலயும் அந்த வகைதான் போட்டிருக்கான்னு பாருங்க. பேரம் பேசற எடம் ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டிக்கு ஆகற சேதத்துக்கான பிரீமியம் மட்டும்தான். க்ளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு 20 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சாவது வருஷம் 50 சதவீதம் வரைக்கும் நோ க்ளெய்ம் போனஸ்ங்கற தள்ளுபடி இந்த பிரீமியத்துல ஏறும், அதனால கண்ணாடி ஒடஞ்சது, பம்பர் ஒரசினதுக்கெல்லாம் க்ளெய்ம் போகாம கைக்காசுல பாத்துக்குங்க. ரினியூவல் 90 நாள் தாண்டிட்டா அந்த போனஸ் மொத்தமும் போச்சு.

எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று), பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் இதுல ஒன்னு காலாவதி ஆகி இருக்கும்போது விபத்து நடந்தா, கோர்ட்டு கம்பெனிய குடும்பத்துக்கு பணம் கட்டச் சொல்லி, அத ஸ்கூல்கிட்டேர்ந்து வசூல் பண்ணிக்கோன்னு ஆர்டர் போடும். அப்ப இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். 2012ல தாம்பரம் பக்கம் பஸ் தளத்துல இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் பொண்ணு விழுந்து செத்ததுக்கு அப்புறம் அந்த வருஷமே ஸ்கூல் பஸ்ஸுக்கு தனி விதிகள் வந்துச்சு, அந்த விதிப்படி வண்டி இருக்கான்னு மொதல்ல பாத்துக்குங்க.

பிள்ளைங்க பாலிசில எல்லாரும் பண்ற தப்பு, இறப்புக்கு எவ்வளவு தொகைங்கறத மட்டும் பாக்கறது. நல்லவேளையா அது ரொம்ப அபூர்வம். அடிக்கடி நடக்கறது என்ன, கபடில கை ஒடையும், படில வழுக்கி பல்லு போகும். அதனால விபத்து மருத்துவச் செலவு எவ்வளவுன்னு கேளுங்க, இறப்புத் தொகைய கொஞ்சம் கொறச்சாலும் இத ஏத்துங்க. அப்புறம் ஸ்கூல் நேரத்துக்கு மட்டுமா 24 மணி நேரமுமான்னு பாருங்க, கோடை லீவுல கொளத்துல குளிக்கப் போற ஊரு நம்மது. பாம்புக்கடி, நாய்க்கடி, நீர்ல மூழ்கறது, டூர் போறது எல்லாம் உள்ள வருதான்னு எழுத்துல வாங்குங்க. அப்பா அம்மா விபத்துல தவறிட்டா பிள்ளையோட படிப்புச் செலவுக்கு ஒரு தொகை தர்ற பாலிசியும் இருக்கு, அத விசாரிங்க.

ஸ்டாஃப்ல மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க இஎஸ்ஐல (அரசோட தொழிலாளர் காப்பீடு) இருந்தா, நம்ம பங்கு 3.25 சதவீதம், அவங்க பங்கு 0.75 சதவீதம் கட்டறோம், அவங்களுக்கு மறுபடியும் குரூப் மெடிக்ளெய்ம், அதாவது ஸ்டாஃப் மொத்தத்துக்கும் சேத்து போடற மருத்துவ பாலிசி எடுக்கறது டபுள் செலவு. அதுக்கு மேல வாங்கற டீச்சர்ஸுக்கு மட்டும் குரூப் பாலிசி எடுங்க. அதுல பிரீமியத்த ஏத்தறது வயசான பெற்றோரச் சேக்கறதுதான், அத வேணுங்கறவங்க அவங்க காசுல சேத்துக்கட்டும்னு விட்டா பாதி பிரச்சனை தீந்துது. ஆயாம்மா, வாட்ச்மேன், டிரைவருக்கெல்லாம் பேங்க் மேனேஜர வரச்சொல்லி ஒரு மத்தியானம் ஒக்காந்து பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுருங்க, வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்துல இறந்தா 2 லட்சம், ஸ்கூலே கட்டினாலும் ஒன்னும் கொறஞ்சிடாது. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பம்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வாங்கிக் கொடுங்க.

பெற்றோர் கேஸ் போட்டா கை கொடுக்கற பப்ளிக் லயபிலிட்டி பாலிசி நிறைய ஸ்கூல்ல கெடையவே கெடையாது. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவுன்னு ரெண்டு லிமிட் இருக்கும், ரெண்டு மூணு விதமா கொட்டேஷன் கேட்டு எடுங்க.

இப்ப கொட்டேஷன். எல்லா பாலிசியும் மே கடைசில முடியற மாதிரி, சிலத ஆறு ஏழு மாசத்துக்கு மட்டும் போட்டு தேதிய ஒன்னாக்குங்க, அப்புறம் மொத்தத்தையும் ஒரே தாளா 4 பொதுத்துறை கம்பெனி டிவிஷனல் ஆபீஸுக்கும் ரெண்டு மூணு பிரைவேட்டுக்கும் ஏப்ரல்லயே அனுப்புங்க. மொத்தமா வர்ற பிசினஸ்னா அவங்க பேச்சே வேற மாதிரி இருக்கும். லைசென்ஸ் உள்ள புரோக்கர வெச்சாலும் தப்பில்ல, அவருக்கு கமிஷன் கம்பெனி கொடுக்கும், க்ளெய்ம் வந்தா நம்ம பக்கம் நிக்கணும்னு முன்னாடியே சொல்லிருங்க. தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜிஎஸ்டி இல்ல, ஆனா குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் இருக்கு, ஸ்கூலுக்கு அத திருப்பி எடுக்கவும் வழியில்ல, அதனால வரியோட சேந்த தொகைய வெச்சு கம்பேர் பண்ணுங்க.

ஜூன்ல அட்மிஷன் நடந்துகிட்டே இருக்கும், ஜூலைல சேர்ற பிள்ளை பேரு லிஸ்ட்ல இருக்காது. மாசா மாசம் 5ஆம் தேதி புதுப் பேர பாலிசில சேக்கற எண்டார்ஸ்மென்டுக்கு அனுப்பற வேலைய ஆபீஸ்ல ஒருத்தர் பேருல எழுதி சுவத்துல ஒட்டிருங்க, எங்க ஆபீஸ்ல அது என் பேருதான்.