பிரசவத்துக்குப் பின் அடி இறக்கம்: எங்கிருந்து தொடங்குவது?

குழந்தை பிறந்து சில வாரங்களில், குளிக்கும்போது கீழே மெத்தென்று ஏதோ கையில் தட்டுப்படும். சிலருக்குக் கையில் எதுவும் படாது. ஆனால் சாயங்காலம் ஆனால் அடிவயிறு கனக்கும், எல்லாம் இறங்கி வருவது போல இருக்கும், படுத்தால் அடங்கிவிடும். வீட்டில் சொன்னால் "அடி இறங்கியிருக்கும், பிள்ளை பெத்தா வர்றதுதான்" என்று முடித்துவிடுவார்கள். இணையத்தில் தேடினால் நேரே ஆபரேஷன் படம் வந்து பயமுறுத்தும். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லோரும் முதல் நாளே கெகல் பயிற்சிக்கு, அதாவது அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிக்கு, போகிறார்கள். இந்தப் பட்டியலில் அது நான்காவதாகத்தான் வரும். காலையில் கழிப்பறையில் முக்கிவிட்டு, மத்தியானம் பயிற்சி செய்தால் ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடிக்கிற கதைதான்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது?

இடுப்பெலும்பின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இவைதான். மேலிருந்து பிடித்துக்கொள்ளத் தசைநார்கள் உண்டு. சுகப்பிரசவத்தில் இந்தத் தசைகள் பல மடங்கு விரிந்து கொடுக்கின்றன. குழந்தையின் எடை அதிகம், முக்கும் நேரம் நீண்டுபோனது, ஆயுதம் போட்டு எடுத்தது என்றால் பாதிப்பு கூடும். ஆயுதம் போட்ட சிலருக்குத் தசை எலும்பிலிருந்து பிய்ந்தே போயிருக்கும். சிசேரியனில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்பது மாதம் சுமந்த பாரமும் அந்தத் தசைகள் மேல்தானே இருந்தது.

தாங்கல் தளர்ந்ததும் யோனியின் சுவர் உள்ளிருந்து புடைக்கும். முன்சுவர் புடைத்தால் பின்னால் இருப்பது சிறுநீர்ப்பை. பின்சுவர் என்றால் மலக்குடல். நடுவில் மேலிருந்து இறங்கினால் கர்ப்பப்பை. அதிகம் காணப்படுவது முன்சுவர் இறக்கம். "கர்ப்பப்பை வெளியே வந்துடுச்சு" என்று அழுதுகொண்டு வருகிற பலருக்கு, இறங்கியிருப்பது கர்ப்பப்பையே அல்ல.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்திருக்கும். அதனால் யோனிச் சுவர் வறண்டு மெலிந்திருக்கும், கனமும் எரிச்சலும் கூடுதலாகத் தெரியும். மாதவிலக்கு திரும்பிய பிறகு பலருக்கு இது தானாகவே ஓரளவு குறைகிறது. ஆகவே மூன்றாவது மாதத்தில் இருக்கும் நிலையைப் பார்த்து இதுதான் ஆயுசுக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

படி 1: டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்

ஆறாவது வாரப் பரிசோதனையில் தையல் ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடுவது சகஜம். நீங்களாகச் சொன்னால்தான் இறக்கத்தைப் பார்ப்பார்கள். எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால், இப்படியே சொல்லலாம்: "டாக்டர், சாயங்காலம் ஆனால் கீழே கனமாக இருக்கிறது. ஒரு வீக்கம் கையில் படுகிறது. எந்தச் சுவர், எத்தனையாவது நிலை என்று பார்த்துச் சொல்லுங்கள்."

காலையில் படுக்கவைத்துப் பார்த்தால் இறக்கம் குறைவாகத்தான் தெரியும். "சாயங்காலம் இதைவிட அதிகமாக இருக்கும், இருமச் சொல்லிப் பாருங்கள், நிற்க வைத்தும் பாருங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை. வயிற்று ஸ்கேன் நார்மல் என்று வந்ததாலேயே இறக்கம் இல்லை என்று ஆகிவிடாது. இது கையால் பரிசோதித்துக் கண்டுபிடிக்கிற விஷயம்.

நிலைகளை யோனி வாசலை எல்லையாக வைத்து அளக்கிறார்கள். வாசலுக்கு 1 செ.மீ.க்கு மேல் உள்ளேயே நின்றால் முதல் நிலை. வாசலுக்கு உள்ளே 1 செ.மீ. முதல் வெளியே 1 செ.மீ. வரை இரண்டாம் நிலை. அதைத் தாண்டினால் மூன்று, முழுக்க வெளியே வந்துவிட்டால் நான்கு. வீட்டு முயற்சிகள் நன்றாக வேலை செய்வது முதல் இரண்டு நிலைகளில்.

சில சமயம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொண்டால், வெளியே வந்தது உள்ளே போகாமல் வலித்தால், அதில் புண் வந்தால், ரத்தப்போக்கு, துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

படி 2: மலச்சிக்கலைத் தீர்த்துவிட்டு மற்றது

நம் வீடுகளில் பிரசவித்தவளுக்கு வைக்கும் பத்தியத்தை நினைத்துப் பாருங்கள். கீரை குளிர்ச்சி, பழம் சளி பிடிக்கும், தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு வைக்கும். மிச்சம் இருப்பது பூண்டுக் குழம்பும் குழைந்த சோறும். பால் கொடுப்பதால் உடம்பில் நீர் வற்றுகிறது. போதாததற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கட்டிவிடும். தையல் வலிக்குமே என்ற பயத்தில் வேறு அடக்கி வைக்கிறோம். பிறகு நாலாம் நாள் உட்கார்ந்து முக்கினால், ஏற்கெனவே தளர்ந்த தசை மேல் மொத்த பாரமும் இறங்குகிறது. பூண்டு, சுக்கு, திப்பிலியோடு எனக்குச் சண்டை இல்லை. தண்ணீருக்கும் காய்க்கும் போட்ட தடையைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். மாமியாருக்குப் பச்சைத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வெந்நீராகவே குடியுங்கள், குடலுக்கு எல்லாம் ஒன்றுதான். அவரை, பீர்க்கங்காய், வாழைத்தண்டு, கீரை, கொய்யா, பழுத்த பப்பாளி, இரவில் ஊறவைத்த உலர்திராட்சை எனத் தினமும் ஏதாவது இரண்டு சேரட்டும். இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "இது கட்டுகிறது, வேறு மாற்றிக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படியும் இளகவில்லை என்றால் இசப்கோல் அல்லது லாக்டுலோஸ் சிரப் பற்றியும் கேட்கலாம். இசப்கோலைத் தாராளமாகத் தண்ணீர் சேர்த்துத்தான் குடிக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே அடைக்கும்.

அடுத்தது உட்காரும் விதம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலியோ கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவோ போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக வர வேண்டும். முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். வயிற்றைத் தளர்வாக விடுங்கள். மூச்சை அடக்கி முக்காமல், வாயைத் திறந்து "ஹா" என்று மெல்ல வெளியே விட்டபடி வயிற்றை லேசாக முன்னால் தள்ளினால் போதும். இந்தியன் டாய்லெட்டில் இந்தக் கோணம் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. அங்கே பிரச்சினை நெடுநேரம் குந்தியிருப்பதுதான். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம். போன் வெளியிலேயே இருக்கட்டும்.

பின்சுவர் இறங்கியவர்களுக்கு மலம் அந்தப் புடைப்பில் தங்கிவிடும், முழுதாகப் போன திருப்தி இருக்காது. யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடத்தைச் சுத்தமான விரலாலோ, மடித்த டிஷ்யூவாலோ மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தால் எளிதாகப் போகும். தேவைப்பட்டால் கட்டைவிரலை யோனிக்குள் விட்டுப் பின்சுவரை மெல்ல அழுத்தலாம். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் மருத்துவர்களே சொல்லித்தரும் வழி இது. முன்சுவர் இறங்கியவர்கள் சிறுநீர் கழித்ததும் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மிச்சமும் வந்துவிடும்.

படி 3: மேலிருந்து வரும் பாரத்தைக் குறையுங்கள்

15 லிட்டர் தண்ணீர்க் குடம் 15 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. உங்கள் குழந்தை மூணு, நாலு கிலோ. முதல் சில வாரங்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, அடித்தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். இருமல், தும்மல் வரும்போதும் அப்படியே, முதலில் இறுக்கம், பிறகு இருமல். நாள்பட்ட இருமல் இருந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் பாருங்கள்.

பழைய நூல்சேலையால் வயிறு கட்டுவது பற்றி எல்லோரும் கேட்பார்கள். இதமாக இருக்கும் அளவுக்குத் தளர்வாகச் சுற்றினால் பரவாயில்லை. வயிறு உள்ளே போக வேண்டும் என்று மூச்சு முட்டக் கட்டினால், அந்த அழுத்தம் கீழ்நோக்கியும்தான் தள்ளும். இறக்கம் உள்ளவர்கள் இறுக்கிக் கட்ட வேண்டாம் என்பது என் கட்சி.

குந்தி உட்கார்ந்து துவைப்பது, தரை துடைப்பது போன்ற வேலைகளை வேறு யாராவது செய்யட்டும். மத்தியானம் ஒரு முறை, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துக் கால் மணி நேரம் மல்லாந்து படுங்கள். ஒரு வேளைப் பாலை ஒருக்களித்துப் படுத்தபடி கொடுத்தால் அதுவும் ஓய்வுதான்.

படி 4: இப்போது கெகல்

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதிய பயிற்சி இது. சாதாரணமாகச் சிறுநீர் கழிக்க முடிகிறது, கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) எடுத்தாகிவிட்டது என்றால் பிரசவமான சில நாட்களிலேயே மெதுவாகத் தொடங்கலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து, சிறுநீரையும் அடக்குவது போல உள்ளே, மேலே இழுங்கள். பிட்டமும் தொடையும் சும்மா இருக்க வேண்டும், மூச்சு வழக்கம்போல ஓட வேண்டும். சரியாகச் செய்கிறோமா என்று ஒரு கைக்கண்ணாடியில் பார்க்கலாம். யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடம் உள்வாங்க வேண்டும். வெளியே புடைத்தால் இழுப்பதற்குப் பதிலாக முக்குகிறீர்கள், உடனே நிறுத்துங்கள். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், பையை முழுதாகக் காலி செய்யும் பழக்கம் கெடும்.

மூன்று நொடி பிடித்து, அதே அளவாவது முழுதாகத் தளர்த்துங்கள். எட்டு முதல் பத்து முறை. பிறகு ஒரு நொடியில் இறுக்கி விடுவது பத்து முறை. தினம் மூன்று வேளை. வாரங்கள் போகப் போகப் பிடிக்கும் நேரத்தைப் பத்து நொடிக்கு ஏற்றுங்கள், உட்கார்ந்தும் நின்றும் செய்து பழகுங்கள். தளர்த்தும் பாதியை விழுங்கிவிடாதீர்கள். தளரத் தெரியாத தசைக்கு வலிதான் வரும். செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிகுறி உள்ள முதல் இரண்டு நிலைகளுக்குக் குறைந்தது 16 வாரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் இதைச் செய்யச் சொல்கிறது. பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டால் அது பயிற்சியின் குற்றமல்ல. புடைப்பு முழுதும் மறையாமலேயே கனம் குறைந்துவிடுவதும் உண்டு. கனம் குறைந்தால் அதுவே பெரிய நிம்மதிதான்.

நடைப்பயிற்சி நல்லது. ஒரே மூச்சில் நடக்காமல் துண்டு துண்டாக நடங்கள். வயிறு குறைக்க என்று சிட்-அப், ஸ்கிப்பிங் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

படி 5: பெசரி

நம் ஊரில் இதை வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைத்து வைத்திருக்கிறோம். சிலிக்கானால் ஆன வளையம், யோனிக்குள் இருந்து சுவர்களைத் தாங்கும். அளவு பார்த்து டாக்டர் பொருத்துவார். பொருத்தியதும் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே நடந்து, இருமி, சிறுநீர் கழித்துப் பாருங்கள். நழுவினாலோ உறுத்தினாலோ அளவு தப்பு, மாற்றிக் கேளுங்கள். சரியான அளவு உள்ளே இருப்பதே தெரியாது. வயிற்றுக்குள் போய்த் தொலைந்துவிடும் என்று பயம் வேண்டாம், யோனியின் மேல்முனை மூடியதுதான். வளைய வகையை நீங்களே எடுத்துக் கழுவி மாட்டப் பழகலாம். டாக்டர் சொன்ன தேதியில் காட்டிவருவது மட்டும் தவறக் கூடாது. பகலெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கும், வேலைக்குத் திரும்புபவர்களுக்கும் இது பெரிய உதவி.

படி 6: ஆபரேஷன் என்று சொன்னால்

அவசரப்பட வேண்டியது அபூர்வம். இன்னும் குழந்தை வேண்டும் என்றால் பெரும்பாலும் தள்ளிப்போடவே சொல்வார்கள், அடுத்த பிரசவம் ரிப்பேரைக் குலைத்துவிடலாம். கர்ப்பப்பையை எடுப்பது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. இளம் பெண்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே அதைத் தூக்கிக் கட்டும் முறைகளை நம் நாட்டு டாக்டர்களே வகுத்திருக்கிறார்கள். ஷிரோட்கர், புரந்தரே பெயரில் அந்த முறைகள் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. யோனி வழியாக, சுவரைத் தாங்கச் செயற்கை வலை (மெஷ்) வைக்கலாம் என்றால் நிறையக் கேள்வி கேளுங்கள். இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் நிறுத்த உத்தரவிட்டார்கள்.

தாம்பத்தியத்தால் இறக்கம் அதிகமாகாது. உங்களுக்கு மனசும் உடம்பும் தயாரானால் போதும், படுத்த நிலையில் புடைப்பும் உள்ளே போயிருக்கும். வறட்சிக்கு நீர் அடிப்படையிலான (வாட்டர் பேஸ்டு) ஜெல் வாங்குங்கள். ஆணுறை உபயோகித்தால் தேங்காய் எண்ணெய் கூடாது, லேடெக்ஸ் கிழிந்துவிடும்.

மறுபடி கர்ப்பமானால், முதல் செக்கப்பிலேயே இறக்கம் இருந்ததைச் சொல்லிவிடுங்கள். இதற்காகவே சிசேரியன் என்று கட்டாயமில்லை. போன முறை கிழிசல் எவ்வளவு, ஆயுதம் போட்டார்களா என்பதை வைத்து டாக்டரோடு பேசி முடிவு செய்வது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள், அதில் இதெல்லாம் எழுதியிருக்கும்.