ஓட்டுநரின் கண் எங்கே போகும்? மாடல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலை வீடியோவைப் பார்த்து, ஓட்டுநரின் கண் எங்கே போகும் என்று கணிக்கும் கணினி மாடலைப் பற்றியது இது. கேமராவை அசையாமல் பொருத்துவது, கண் டிராக்கரை (கண் எங்கே பார்க்கிறது என்று பதியும் கருவியை) ஒவ்வொரு ஓட்டுநருக்கும் காலிபரேட் செய்வது எல்லாம் கருவியின் கையேட்டிலேயே இருக்கின்றன. இங்கே, மாடலையே பாழாக்கும் தவறுகள் மட்டும்.

நடுப்புள்ளியை நம்பி ஏமாறுவது

சாலை தொலைவில் ஒன்றுசேரும் புள்ளியைச் சுற்றித்தான் ஓட்டுநரின் கண் பெரும்பாலான நேரம் நிற்கும். புதிதாக வருபவர் வீடியோவையும் பார்வை வரைபடத்தையும் (ஓட்டுநர் பார்த்த இடங்களைக் குறித்த படத்தையும்) நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்துப் பயிற்றுவிப்பார். மதிப்பெண் அருமையாக வரும். வீடியோவைப் பார்க்காமலே நடுவில் ஒரு வட்டம் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண் வந்திருக்கும்! இந்த ஒப்பீடே இல்லாத முடிவு அட்டவணைகளைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. பக்கச்சாலையிலிருந்து ஒரு சைக்கிள் நுழையும் அந்த ஒரு நொடிக்காகத்தானே மாடலே? அப்போதும் அது நடுவையே வெறித்துக்கொண்டிருக்கும். அத்தகைய ஃபிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) அரிது. சராசரிப் பிழைக் கணக்கில் கரைந்துபோகும்.

முதலில், பயிற்சித் தரவின் பார்வைப் புள்ளிகள் அனைத்தையும் ஒரே படத்தில் கூட்டுங்கள். பார்வைக் கோணத்தில் சுமார் 1 டிகிரி அகலத்துக்கு காஸியன் மங்கல் கொடுங்கள் (ஒவ்வொரு புள்ளியையும் ஓரம் மெல்ல மங்கும் வட்டமாக்குங்கள்). இதுதான் மாடல் தாண்ட வேண்டிய கோடு. அடுத்து, ஏயூசி கணக்கிடுங்கள்: ஓட்டுநர் பார்த்த புள்ளிகளையும் பார்க்காத புள்ளிகளையும் மாடல் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்று சொல்லும் மதிப்பெண் அது; 1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் வெறும் ஊகம். அதில் எதிர்மறைப் புள்ளிகளை, அதாவது பார்க்காதவை என்று வைக்கும் புள்ளிகளை, வேறு ஃபிரேம்களின் பார்வைப் புள்ளிகளிலிருந்து எடுங்கள். நடுவை மட்டும் சொல்லும் மாடல் அப்போது 0.5-க்கு இறங்கிவிடும். சராசரிப் படத்தோடு ஒத்துப்போகாத ஃபிரேம்களுக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். நான் முதலில் படிப்பது அந்த வரிசையைத்தான்.

ஃபிரேம்களைக் குலுக்கிப் பிரிப்பது

பயிற்சிக்கும் சோதனைக்கும் அப்படிப் பிரிக்க வேண்டாம். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒன்றே; பயிற்சியில் பார்த்ததையே சோதனையிலும் மாடல் பார்த்துவிடும். வீடியோ வாரியாகப் பிரியுங்கள். ஓட்டுநர் வாரியாக என்றால் இன்னும் நல்லது.

பளிச்சென்று தெரிவதைத்தான் பார்ப்பார் என்று நினைப்பது

நிறம், வெளிச்சம், கோட்டுத் திசை ஆகியவற்றைக் கொண்டு படத்தில் எது பளிச்சென்று தெரியும் என்று கணிக்க, 1998-ல் இட்டி, கோக், நீபர் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய மாடலுக்கு வண்டி ஓட்டும் வேலை தெரியாது. வளைவுக்கு 1 முதல் 2 நொடி முன்பே ஓட்டுநரின் கண் வளைவின் உள்விளிம்புத் தொடுபுள்ளிக்குப் (ஓட்டுநரின் பார்வைக் கோடு உள்விளிம்பைத் தொட்டுச் செல்லும் இடத்துக்குப்) போவதை லாண்டும் லீயும் என்ற ஆய்வாளர்கள் 1994-லேயே காட்டிவிட்டார்கள். ஸ்டியரிங் கோணம், வேகம், இண்டிகேட்டர் ஆகியவற்றையும் உள்ளீடாகக் கொடுங்கள்.

தாமதத்தை மறப்பது

எதிர்பாராமல் ஒன்று தோன்றினால், கண் அதை நோக்கித் தாவ சுமார் 200 மில்லி நொடி ஆகும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 4 மீட்டர் போயிருக்கும். பார்வைப் புள்ளியை அந்த ஒரு ஃபிரேமோடு மட்டும் இணைத்தால், கண்ணை இழுத்த காட்சி மாடலுக்குக் கிடைக்காமலே போகலாம். முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்தே கொடுங்கள்.

கண் சிமிட்டல்

வரைபடம் போடும் முன்பே நீக்குங்கள்.

கண்ணாடிப் பார்வையைத் தூக்கி எறிவது

பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்போது பார்வை சாலைக் கேமராவின் சட்டத்துக்கு வெளியே விழும். பிழை என்று அழிக்காதீர்கள். இடக் கண்ணாடி, வலக் கண்ணாடி, உட்கண்ணாடி, டேஷ்போர்டு எனத் தனித்தனி வகையாகக் குறியுங்கள். அழித்துவிட்டால், லேன் மாறும் ஓட்டுநர் கண்ணாடியையே பார்ப்பதில்லை என்று மாடல் கற்றுக்கொள்ளும்.