வீட்டில் செய்த காற்றாலை சுற்றுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லையா?

ஆனி பிறந்து காற்று கிளம்பிவிட்டால், எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டு வளவில்தான் கிடக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டு மாடியில் 1.8 மீட்டர் விட்டத்தில் ஒரு காற்றாலை செய்து ஏற்றினேன். இறக்கை ஜோராகச் சுற்றியது. பேட்டரிக்குப் போன கரண்டோ 1 ஆம்பியரைத் தாண்டவே இல்லை.

உடனே ஜெனரேட்டரை இறக்கிப் பிரித்தேன். ஒரு கோளாறும் இல்லை. மாட்டிவிட்டு மறுபடி இறக்கினேன், அப்போதும் இல்லை. குறை இருந்தது கம்பத்தின் உயரத்திலும் கீழே வரும் வயரிலும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் நான் செய்ததையே செய்கிறார்கள். அதனால் சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் காற்று, பிறகு பேட்டரி, வயர், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர். ஜெனரேட்டரையும் இறக்கையையும் கடைசியில்தான் தொட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பலரும் வீட்டில் செய்கிற வகைக்கு: இரண்டு இரும்புத் தட்டு, ஒவ்வொன்றிலும் 12 நியோடிமியம் காந்தம், நடுவில் பிசினில் வார்த்த 9 காயில், மூன்று ஃபேஸ் ஸ்டார் இணைப்பு (மூன்று ஃபேஸின் ஒரு முனையும் ஒன்றாகச் சேர்வது), 12 வோல்ட் பேட்டரி. கார் ஆல்டர்னேட்டரை இறக்கையோடு நேராக மாட்டியிருந்தால் சோதனையே வேண்டாம். அதற்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும், இந்த அளவு இறக்கை சாதாரணக் காற்றில் அதைத் தராது.

கையில் இருக்க வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஒரு நீள மூங்கில், பழைய சேலைக் கிழிசல், கூட ஓர் ஆள். தனியாக ஏறாதீர்கள். ஏறும் முன், காற்று தணிந்திருக்கும் நேரம் பார்த்து, ஜெனரேட்டரின் மூன்று வயரையும் ரெக்டிஃபயரிலிருந்து கழற்றி ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிடுங்கள். அதுதான் பிரேக். பலத்த காற்றில் இறக்கை வேகமாகச் சுற்றும்போது இதைச் செய்தால் காயில் கருகலாம். அதே போல, பேட்டரி இணைப்பு இல்லாமல் இறக்கையைக் காற்றில் சும்மா ஓடவும் விடாதீர்கள். வேகம் கட்டுக்கடங்காமல் போகும்.

படி 1: எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

பாதிப் பேருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். எவ்வளவு நல்ல காற்றாலையும் அந்தச் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. வீட்டில் செய்தது 25 சதவீதம் எடுத்தாலே நல்ல வேலை. 1.8 மீட்டர் விட்டத்துக்குக் கணக்கிட்டால், நொடிக்கு 3 மீட்டர் காற்றில் சுமார் 10 வாட், 4 மீட்டரில் 23 வாட், 6 மீட்டரில் 80 வாட் வரும். ஆம்பியரில் சொன்னால் ஒன்றுக்கும் கீழே, இரண்டுக்குப் பக்கம், ஆறுக்குப் பக்கம்.

காற்று வேகம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் மரத்தைப் பாருங்கள். வேப்பிலை சலசலத்தால் மட்டும் நொடிக்கு 2, 3 மீட்டர்தான். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 4, 5. சிறு கிளைகளே ஆடி, தெருவில் செம்மண் புழுதி கிளம்பினால் 6, 7. வேப்பிலைக் காற்றில் 10 வாட் வந்தால் உங்கள் காற்றாலை நன்றாகவே இருக்கிறது, கை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முப்பந்தலுக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் கிடைப்பது போல மலை இடுக்கில் நெருக்கி வரும் காற்று நமக்குக் கிடையாது. இங்கே காற்றாலை, சோலார் பேனலுக்குத் துணைதான்.

படி 2: காற்று நேராக வருகிறதா?

எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் என்று நீண்டு கிடப்பவை. நடுவில் ஓட்டுச் சரிவு, வளவு என்கிற திறந்த முற்றம், மறுபடி ஓடு, ஓரத்தில் கைப்பிடிச் சுவர். மேற்கே இருந்து வரும் காற்று ஒவ்வொன்றிலும் முட்டிச் சுருண்டுதான் மாடிக்கு வருகிறது.

மூங்கிலில் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சேலைக் கிழிசலை நாடா போலக் கட்டுங்கள். காற்றாலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்திக் கால்மணி நேரம் பாருங்கள். நான் கட்டிய அன்று பக்கத்து வீட்டுத் தம்பி கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, மேல உள்ள நாடா கிழக்கே பறக்குது. கீழ உள்ள நாலும் மேற்கே திரும்புது பாருங்க" என்றான். என் இறக்கையின் நடுப்பகுதி இருந்தது சரியாக அந்த நாலாவது நாடாவின் உயரத்தில். வால் ஓயாமல் அலைந்ததற்கும், இறக்கை சுற்றிச் சுற்றி நின்றதற்கும் காரணம் அதுதான்.

நாடா நேராக நீண்டு பறக்கும் உயரத்தில் இறக்கையின் கீழ் நுனி இருக்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் 100 மீட்டருக்குள் உள்ள கட்டடம், மரம் எல்லாவற்றையும் விட 9, 10 மீட்டர் உயரம் என்பதுதான் சரியான விதி. மாடியில் அது முடியாது. முடிந்தவரை ஏற்றுங்கள், கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் ஸ்டே கம்பியை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் மட்டும் ஸ்டே கம்பியைக் கட்டாதீர்கள், காரை பெயர்ந்து வந்துவிடும். தோட்டம் இருந்தால் செம்பொறை மண்ணில் தனியாகக் கம்பம் நடுவதே என் தேர்வு.

படி 3: பேட்டரி

பேட்டரி நிறைந்திருந்தால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் கரண்டை வேறு பக்கம் திருப்பிவிடும். குறை என்று நாம் நினைப்போம். எல்லா இணைப்பையும் கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குப் பக்கம் இருப்பது நிறைந்த பேட்டரி. 12-க்குக் கீழே இருக்கும் பேட்டரி, ஓரிரு ஆம்பியர் ஏற்றியதுமே 14-ஐத் தாண்டினால் அதன் தட்டுகள் கெட்டிருக்கின்றன. மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரி இருக்கிற காரைக்குடியில் பேட்டரியைச் சோதித்துத் தரத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, காட்டிவிடுங்கள்.

படி 4: வயர்

12 வோல்ட்டில் வயர்தான் பெரிய திருடன். மாடியிலிருந்து பேட்டரி இருக்கும் அறைக்கு என் வயர் 20 மீட்டர். போக வர 40 மீட்டர். வீட்டு ஒயரிங்கில் மீந்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரைத்தான் போட்டிருந்தேன். அதன் தடை 0.46 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 2.3 வோல்ட் வயரிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.6 வோல்ட்டுக்கும் கீழே.

நல்ல காற்றில், பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போதே ரெக்டிஃபயரின் டிசி முனையில் ஒரு முறையும் பேட்டரி முனையில் ஒரு முறையும் வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரையோ இணைப்பையோ மாற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடத்தில் குறை இருக்கிறது. எனக்கு ஓர் இணைப்பில் டேப்பைப் பிரித்ததும் செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. முறுக்கி டேப் சுற்றுவது வெயிலிலும் மழையிலும் நிற்காது. வயர் முனையில் லக் (துளையுள்ள உலோக முனை) போட்டு அழுத்தி, போல்ட் வைத்து முறுக்குங்கள்.

படி 5: ரெக்டிஃபயர்

மூன்று ஏசி வயரையும் ரெக்டிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, காற்றில்லாத நேரத்தில் இறக்கையைக் கையால் தள்ளிவிடுங்கள். லேசாக, வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். வயர் மாட்டியதும் கனத்து, விட்டு விட்டு இழுத்தால் ரெக்டிஃபயருக்குள் டையோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்றிய பிறகும் கனமாகவே இருந்தால் ஒன்று காயிலுக்குள் ஷார்ட், அல்லது பேரிங் இறுகல், அல்லது காந்தம் எங்கோ உரசுகிறது. உரசினால் சத்தம் கேட்கும்.

படி 6: இப்போது ஜெனரேட்டர்

இறக்கையைக் கழற்றிவிட்டு டிரில் மெஷினால் ஒரே வேகத்தில் சுற்றுங்கள். மூன்று வயரில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளங்கள். மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் இணைப்பு சரி. ஒரு ஜோடி 10 காட்டி மற்ற இரண்டும் 7 காட்டினால் ஒரு ஃபேஸில் ஒரு காயில் தலைகீழாக இணைந்திருக்கிறது. 10, 5.8, 5.8 என்று வந்தால் அந்த ஃபேஸ் முழுதுமே தலைகீழ். குறைவாகக் காட்டும் இரண்டு ஜோடியிலும் பொதுவாக வரும் வயர்தான் குற்றவாளி. மெதுவாகச் சுற்றும்போது சாதாரண மீட்டர் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, அது 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது. ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

அப்புறம், எந்த வேகத்தில் சார்ஜ் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரிக்குப் பதிலாக ரெக்டிஃபயரில் 1000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை ப்ளஸ், மைனஸ் மாறாமல் மாட்டி டிசி அளங்கள். 12.6 வோல்ட் வரும்போது தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று? 1.8 மீட்டர் இறக்கைக்கு 200 முதல் 220 வரை சரி. இறக்கை நுனி காற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடினால், நொடிக்கு 3.5 மீட்டர் காற்றில் இந்தச் சுற்று கிடைத்துவிடும்.

300-க்கு மேல் போனால்தான் 12.6 வருகிறது என்றால் தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறையுங்கள். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே பக்கத்துக்கு 1, 2 மில்லிமீட்டர் போதும். டெல்டாவில் (மூன்று ஃபேஸையும் முக்கோணமாக) இணைத்திருந்தால் ஸ்டாராக மாற்றுங்கள், வோல்ட் 1.73 மடங்காகும். காந்தத் தட்டைக் கையால் நெருக்காதீர்கள். முறுக்க முறுக்கத் தட்டை மெல்ல நகர்த்தும் ஜாக்கிங் போல்ட் வைத்துத்தான் இறக்க வேண்டும், விரல் சிக்கினால் நசுங்கிவிடும்.

120-லேயே 12.6 வந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். நல்ல காற்றிலும் ஜெனரேட்டர் இறக்கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இறக்கை வேகமெடுக்க முடியாமல் திணறும். இதற்கு வாஷர் போட்டு இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

படி 7: இறக்கை

பிவிசி குழாயில் வெட்டிய இறக்கை என்றால் குழிந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். உருண்டையாகத் தேய்த்த ஓரம் முன்னால் போக வேண்டும், மெல்லிய ஓரம் பின்னால். தலைகீழாக மாட்டினாலும் சுற்றும், அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஓர் இறக்கையில் சிவப்பு டேப் ஒட்டி, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துச் சுற்றை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

நான் கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தி, 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்ட பிறகு, ஆடியில் தெருவில் புழுதி பறந்த ஒரு சாயங்காலம் கிளாம்ப் மீட்டர் 5.5 காட்டியது. முன்பு அதே மாதிரிக் காற்றில் 1 ஆம்பியரோடு நின்ற மெஷின் அது. ஜெனரேட்டரில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை.

புரட்டாசியில் காற்று ஓய்ந்ததும் மெஷினை ஒரு முறை இறக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, நட்டுகளை இறுக்கி, காந்தங்களின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள். விட்டால் அடுத்த ஆடிக்குள் காந்தம் துருவேறி உப்பிக் காயிலைக் கீற ஆரம்பிக்கும்.