ஏப்ரலில் பிஞ்சு நிற்காத கத்தரி: தாழ்வாரத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்குச் சிங்கப்பூர்த் தேக்காவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கும் கையோடு, கத்தரி, மிளகாய், வெண்டை விதைப் பொட்டலங்களையும் வாங்கி வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஜனவரி கடைசியில் விதைப்பு, மார்ச் தொடக்கத்தில் பெரிய தொட்டி, ஏப்ரல் வந்ததும் "பூ வருது, பிஞ்சு நிக்க மாட்டேங்குது" என்ற கவலை. தண்ணீரை அளந்து விட வேண்டும், தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றைச் சொல்ல இங்கே இடம் செலவழிக்கப் போவதில்லை.

வெயில் பக்கம் மாறுவதைப் பார்க்காமல் நடுவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறு. இரண்டரை மாத உழைப்பையும் மண்ணுக்கும் உரத்துக்கும் போட்ட காசையும் சேர்த்து விழுங்கிவிடும். இவ்வளவு எளிதாகத் தவிர்க்கக்கூடிய ஒன்றில் நல்ல செடிகள் வீணாவதைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் வசந்தம் இல்லை. பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் "எப்போது வேண்டுமானாலும் நடலாம்" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பகலின் நீளம் மாறாது, உண்மைதான். ஆனால் வெயில் வரும் பக்கம் மாறும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து சுமார் 25 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். ஜூனில் சுமார் 22 பாகை வடக்கே. மார்ச் 23, 24 வாக்கில் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்குப் பக்கம் தாண்டிவிடும். செப்டம்பர் 20 வாக்கில்தான் மறுபடி தெற்கே திரும்பும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் பலவும் மேற்கு வெயிலைத் தவிர்ப்பதற்காக வடக்கு, தெற்கு பார்த்துக் கட்டப்பட்டவை. தெற்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரைதான் நேர் வெயில். ஜனவரியில் நல்ல வெயிலைப் பார்த்து அங்கே கத்தரி வைத்தால், அது பூக்கத் தொடங்குகிற வாரத்தில் வெயில் மேல்மாடித் தளத்துக்குப் பின்னால் போய்விடும். செடி செத்துப்போகாது. அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

ஏப்ரல் நடுவில் அப்படி ஒரு செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மார்ச்சுக்கு முன் வந்த தண்டில் கணுவுக்குக் கணு இரண்டு விரல் இடைவெளி இருந்தால், புதிதாக வந்த தண்டில் நான்கு விரல் இருக்கும். இலை பெரிதாகி, மெலிந்து, நிறம் வெளுத்திருக்கும். நுனி வெளிச்சத்தைத் தேடி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். பூக்காம்பு மஞ்சளாகி, விரல் பட்டதும் பூ கையோடு வந்துவிடும்.

இதைப் பார்த்தவுடன் "சத்துப் போதவில்லை" என்று கோழி எருவை அள்ளிப் போடுவது இந்தத் தவறின் இரண்டாம் பாகம். வெளிச்சம் குறைந்த செடியால் அந்தத் தழைச்சத்தைக் காயாக மாற்ற முடியாது. கொழுத்த இளந்தண்டு கிடைக்கும், அதைத் தேடி அசுவினியும் மாவுப்பூச்சியும் வரும். வெயில் இல்லாததால் தொட்டி மண்ணும் மெதுவாகத்தான் காயும். பழக்கப்படி தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டால் வேர் அழுகும். கடைசியில் பழி விதை விற்ற கடைக்காரர் மேல் விழுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. நம் நேரப்படி மார்ச்சில் உச்சிவேளை 12 மணிக்கு வராது, 1:10 வாக்கில்தான். அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒரு பென்சிலை நேராக நிறுத்துங்கள். நிழல் வடக்கே விழுந்தால் வெயில் இன்னும் தெற்குப் பக்கம். நிழலே இல்லாமல் போனால் மாறும் நாள் வந்துவிட்டது. மார்ச் மூன்றாம் வாரம் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை வடக்கு, தெற்கு இரண்டு தாழ்வாரங்களுக்குமே நேர் வெயில் மிகக் குறைவு. அந்த மூன்று வாரத்தில் செடி தளர்வாக இருந்தால் பதற வேண்டாம்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, இதைக் கிட்டத்தட்ட யாரும் போடுவதில்லை. வடக்குத் தாழ்வாரத்தின் சுவர் 1 மீட்டர், கூரை 2.6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். ஜூன் நண்பகலில் சுவருக்குப் பின்னால் தரையில் சுமார் 40 செ.மீ. அகலத்துக்குச் சுவரின் நிழல் விழும். பெரும்பாலோர் தொட்டியை வைப்பது சரியாக அந்த 40 செ.மீ.க்குள்தான்! அதே தொட்டியைச் சுவர் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுக்கில் ஏற்றினால், உள்ளே 65 செ.மீ. வரை வெயில் கிடைக்கும். அடுக்கு உட்பக்கம் அசையாமல் நிற்க வேண்டும், நடைவழி 1.2 மீட்டர் தெளிவாக இருக்க வேண்டும். சுவர் மேல் மட்டும் தொட்டி வைக்கவே கூடாது. கீழே நடப்பவர் உயிருக்கு ஆபத்து.

ஆகவே நடவை வெயிலுக்கு ஏற்றபடி திருப்பிப் போடுங்கள். காய்க்கும் செடிக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், கீரைக்கு 4 மணி நேரம் போதும். வடக்குத் தாழ்வாரம் உள்ளவர்கள் கத்தரி, மிளகாய் நாற்றைப் பிப்ரவரியில் வீட்டின் தெற்குப் பக்கச் சன்னலில், கம்பிக்கு உட்புறம் வைத்து வளர்த்து, ஏப்ரல் இரண்டாம் வாரம் தாழ்வாரத்துக்கு மாற்றலாம். வெண்டையை மார்ச் கடைசியில் நேரடியாகத் தொட்டியிலேயே ஊன்றலாம். 45 முதல் 50 நாளில் முதல் காய். தெற்குத் தாழ்வாரத்தினர் ஆகஸ்டில் விதைத்து அக்டோபரில் வெளியே வைப்பது நல்லது. டிசம்பர், ஜனவரி அடைமழையில் மேகமூட்டம் கொஞ்சம் விளைச்சலைத் தின்னும், அது தவிர்க்க முடியாதது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே நிழலிலும் தாங்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, பாண்டான் வையுங்கள். கிழக்கோ மேற்கோ பார்த்த தாழ்வாரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உண்டு.

பசுமைக்குடிலை மூடி வைப்பது

குளிர் நாட்டுக் காணொளியைப் பார்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் குடில் வாங்குகிறார்கள். அங்கே குடிலின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. இங்கே அதன் வேலை மழையைத் தடுப்பது மட்டுமே. ஏப்ரல், மே மாதங்களில் காற்று குறைவு, வெப்பம் அதிகம். நேர் வெயிலில் மூடிய குடிலுக்குள் வெப்பம் 40 பாகை செல்சியசை எளிதாகத் தாண்டும், காலை பத்து மணிக்கு நாற்று தலை தொங்கிவிடும்.

தரைவீட்டிலோ சமூகத் தோட்டத்திலோ குடில் போடுவதானால் மேலே மட்டும் பாலிகார்பனேட் அல்லது புறஊதாத் தாங்கும் பிளாஸ்டிக் தாள் போடுங்கள். நான்கு பக்கமும் பூச்சி வலை. கூரை உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி வேண்டும். கூரை சரிவாக இருக்க வேண்டும், மட்டமாக இருந்தால் தண்ணீர் தேங்கித் தொங்கும். கால்களை மண்ணில் ஆழமாக ஊன்றிக் கட்டுங்கள். விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று இலேசான சட்டத்தைத் தூக்கிவிடும்.

வலைக்குள் தேனீ வராது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பாகல் பூ காலையில் மலரும், சுரைப் பூ மாலையில். அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு தெரியும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

பெருந்தக்காளி

வேண்டாம். இரவு வெப்பம் இங்கே வழக்கமாக 23 முதல் 25 பாகைக்குக் கீழே இறங்காது, அதில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. செர்ரித் தக்காளி நடுங்கள்.

தட்டில் தண்ணீர்

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையே எடுத்துவிடுங்கள். டெங்கி பெருகும் மாதங்கள் வருகின்றன.

நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைப்பது

தாழ்வாரம் மாற்றும்போது நடப்பது இது. இலையின் நடுவில் காகிதம் போல் வெள்ளைத் திட்டு விழும். பூஞ்சை நோய் என்று மருந்து தெளித்துவிடாதீர்கள், அது வெயில் சுட்ட வடு. முதல் மூன்று நாள் காலை வெயில் 2 மணி நேரம், அடுத்த மூன்று நாள் 4 மணி நேரம், பிறகு முழு வெயில். கறுப்புத் தொட்டியானால் வெளிப்பக்கத்தைப் பழைய துணியாலோ வெளிர்நிறப் பையாலோ சுற்றுங்கள், ஓரத்து வேர் வேகாமல் இருக்கும். சுட்ட இலையை உடனே கிள்ள வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சைதான் அப்போது செடிக்குச் சோறு போடுகிறது. புது இலை மூன்று நான்கு விரிந்த பிறகு கிள்ளுங்கள்.